அவன் மேல போடாதீங்க

பால் பொங்கி அடுப்பில் வழிந்தால்கூட அவரிடம், “எழுதுனது அம்புட்டுத்தான்” என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது.

“அடுப்பக் கூட்டி வச்சிட்டு வாசல்ல நின்னு பேசினது யாரு? நீதான? பெறகு எதுக்கு அவன் மேல போடுற?” என்பார்.

கோபமாகச் சொல்ல மாட்டார். முந்தானையை இழுத்துத் தலையில் விட்டுக்கொண்டே, காய்க்காரரிடம் விலை கேட்கிற குரலில் சொல்வார். ‘அவன்’ என்றால் அல்லாஹ். தனக்கு வேண்டப்பட்ட ஒருவன் மேல் ஊரே வீண்பழி சுமத்துவதுபோலவும், அவனுக்காக வாதாட இந்தத் தெருவில் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லாததுபோலவும் அந்தச் சொல் வரும்.

எங்களுக்கு அவர் சாச்சி. சித்தியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மதுரைப் பழைய ஊருக்குள், ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு சுவராக ஒண்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில், எனக்கு எதிர்வீடு. வயது அப்போதே அறுபதைத் தாண்டியிருக்கும். வீட்டின் முன்பக்கத்துக் கடைகளிலிருந்து வரும் வாடகையில் தனியாக வாழ்ந்தார். இதில் வருகிற மற்றவர்களின் பெயர்களை மாற்றி எழுதுகிறேன். சாச்சிக்கும் ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. விட்டுவிட்டேன்.

எங்கள் ஜமாஅத்தில் பெண்கள் யாராவது மௌத்தானால், உடலைக் குளிப்பாட்டுவது சாச்சிதான். பெண் மய்யித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். தகவல் வந்ததும் கையில் ஒரு துணிப்பையோடு கிளம்பிவிடுவார். கூலி வாங்க மாட்டார், சாப்பிட மாட்டார். பள்ளிக்கூட விடுமுறை நாளாக இருந்தால் என்னையும் கூப்பிடுவார். நான் பசுமலையில், வெள்ளியும் ஞாயிறும் விடுமுறையான ஒரு முஸ்லிம் பள்ளியில் டீச்சர். “ஒனக்குக் கை நடுங்காது, நீ தண்ணி ஊத்து வா” என்பார்.

முதல் தடவை போனபோது எனக்கு உடம்பு முழுக்க நடுக்கம்தான், கை மட்டும்தான் நடுங்கவில்லை. சாச்சி அந்த உடம்போடு பேசிக்கொண்டே வேலை செய்தார். “தண்ணி செத்தச் சூடா இருக்கும், பொறுத்துக்கம்மா.” “இந்தா, இந்தப் பக்கமாத் திரும்பிக்க.” “முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு.” இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரின் வாசனையும் கற்பூர வாசனையும் கலந்த அந்த அறையில், இறந்தவர் ஏதோ காய்ச்சலில் படுத்திருப்பதுபோலவும் நாங்கள் உடம்பு துடைத்துவிட வந்தவர்கள்போலவும் ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் என்னிடம் ஒன்று சொன்னார். “உள்ள பாத்தது உள்ளயே. மச்சம், தழும்பு, சிரிச்ச மொகம், கறுத்த மொகம் எதுவா இருந்தாலும் வெளிய வரக் கூடாது. நம்மள நம்பி ஒப்படைச்சது.” அவர் எத்தனை வருடமாக இதைச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஊரில் பாதிப் பெண்களின் கடைசி ரகசியம் அவரிடம் இருந்தது. ஒன்றுகூட வெளியே வந்ததில்லை.

விதியை அவர் நம்பாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தொண்ணூறு வயதுக்காரி தூக்கத்தில் போய்ச் சேர்ந்தால், “அவன் நாட்டம்” என்று சாச்சியும் சொல்வார். மழை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் அவன் நாட்டம்தான். மனிதன் கை செய்ததை அவன் கணக்கில் ஏற்றுவதுதான் அவருக்குப் பொறுக்காது. கல்யாணப் பேச்சை முறித்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, “நஸீபு இல்ல போல” என்று கொடுப்பினையைச் சொல்லி இழுத்தபோது, அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் பதிலாகச் சாச்சி பேசினார். “நஸீபு இருக்கட்டும். இதவிட வசதியா எடம் வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்க. பொண்ணு அழுதாலும் ஒரு நாளோட முடியும். அல்லாஹ்வுக்குத் தன்னப் பிடிக்கலன்னு அவ காலம் பூரா நெனச்சிட்டுக் கெடக்கணுமா?”

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தன் புருஷனைக் காட்டுவார். அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அவருடைய புருஷனுக்குத் திருமங்கலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. போனவர் அங்கேயே வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டார். தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினாராம்: “அல்லாஹ் இப்படி எழுதிட்டான், பொறுத்துக்கச் சொல்லு.” சாச்சி மறுநாளே திருமங்கலம் போய் அந்த ஆபீஸ் வாசலில் நின்றார்.

“அழல, வையல. ‘நீங்களா ஆசப்பட்டுத்தான் போனீங்கன்னு ஒங்க வாயால சொல்லுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன். அவன் எழுதுனான்னு மட்டும் சொல்லாதீங்க’ன்னேன். லோடு எறக்குறவங்க எல்லாம் பாக்குறாங்க. மனுசனுக்கு வேர்த்துப் போச்சு. பெறகு மெதுவாச் சொன்னாரு, ‘நானாத்தான் போனேன்’னு. போதும்னு வந்துட்டேன். வந்து சோறாக்கித் தின்னுட்டு நல்லாத் தூங்கினேன்.”

“அம்புட்டுத்தானா சாச்சி? கோவமே இல்லியா?”

“அந்த ஒரு வார்த்தைக்கு அவர மன்னிச்சிட்டேன் புள்ள. அவர் சொல்லாம இருந்திருந்தா அவர் மேல பாதி, அல்லாஹ் மேல பாதின்னு கோவம் அப்படியே நின்னிருக்கும். தொழுகையில எப்படி நிப்பேன்? சொன்னதுக்கப்புறம் அவருக்கும் லேசாயிருச்சு. மொகத்தப் பாத்தேன்ல.”

ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சொன்னவனுக்கும் லேசாகிவிடும் என்பதை அவர் அன்று கண்ணால் கண்டிருந்தார். கடைசிவரை அதை நம்பினார். பின்னால் நடந்தது எல்லாம் அந்த நம்பிக்கையில் நடந்ததுதான்.

மதரஸா ஹாலில் வாரம் ஒருமுறை பெண்களுக்கு பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, நடக்கும். நடுவில் தடித்த திரை, அந்தப் பக்கம் மைக்கோடு ஹஸ்ரத். எங்கள் பள்ளிவாசலின் இமாம் அவர். நாற்பது வயதுக்காரர், நிதானமானவர். ஒருநாள் விதியைப் பற்றிப் பேசினார். நன்மையும் தீமையும் இறைவன் விதித்தபடியே என்று நம்புவது ஈமானில், இறைநம்பிக்கையில், ஒரு பகுதி என்று விளக்கிக்கொண்டிருந்தார். சாச்சி எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

“ஹஸ்ரத், ஒரு சந்தேகம். அவன் எழுதினபடிதான் என் கை செய்யுதுன்னா, மறுமையில என்னைய நிப்பாட்டி ஏன் செஞ்சேன்னு கேக்குறது எப்படி? அநியாயம் அவன் செய்ய மாட்டான்ல?”

திரைக்கு அந்தப் பக்கம் மைக்கை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தோம். அவர் கோபிக்கவில்லை.

“இது நீங்க மட்டும் கேக்குற கேள்வி இல்லம்மா. அந்தக் காலத்துல பஸரா பட்டணத்துல பெரிய பெரிய ஆலிம்களே இதுல பிரிஞ்சு போயிருக்காங்க. அல்லாஹ் நீதியாளன், அதனால மனுசன் செய்றது முழுக்க மனுசனோடதுன்னு ஒரு கூட்டம். மனுசன் காத்துல போற சருகுன்னு ஒரு கூட்டம். நம்ம பெரியவங்க நடுவுல ஒரு வழி சொன்னாங்க. செயலப் படைக்கிறது அவன். அதத் தேடிக்கிறது நாம.”

“புரியல ஹஸ்ரத்.”

“நீங்க பேசுறீங்க. அந்த மூச்சு ஒங்களுதா? அவன் குடுத்தது. நாக்கு அவன் குடுத்தது. சத்தம் வர்றதும் அவனாலதான். ஆனா அந்த மூச்சுல ஒருத்தரத் திட்டுறீங்களா, ஒருத்தருக்கு துஆ செய்றீங்களா, அது நீங்க தேடிக்கிட்டது.”

சாச்சி உட்கார்ந்தார். வீட்டுக்கு வரும் வழியில், “தேடிக்கிறது, தேடிக்கிறது” என்று ருசி பார்ப்பதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். “நல்ல வார்த்த புள்ள. ஹஸ்ரத்து ஓதினவருதான்.”

ஜமாலின் அம்மா மரியம் பெரியம்மா மௌத்தானது அதற்கு அடுத்த வருடம்.

என் வீட்டை ஒட்டிப் பின்பக்கச் சந்தில் ஜமாலின் வீடு. அவருக்குப் பாத்திரக்கடை. நல்ல மனிதர். நோன்பு மாதத்தில் தெருவுக்கே கஞ்சி காய்ச்சி ஊற்றுவார். யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் அவருடைய வேன்தான் போகும். அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தும் எழுந்து நடக்க முடியவில்லை. மாடி அறையில் படுக்க வைத்தார்கள். ஜமால் ஏசி போட்டுக் கொடுத்தார். பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தார். அந்தப் பெண் நின்றுவிட்டாள். அடுத்து வந்தவள் ஒருநாள் வந்தால் ஒருநாள் வரமாட்டாள். ஜமாலின் மனைவி ரஹிமாவுக்கு முதுகுத் தண்டில் தேய்மானம், படியேற முடியாது.

முதலில் ஜமால் தினமும் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார். பிறகு எப்போது என்று தெரியவில்லை, படிக்குக் கீழே நின்று கூப்பிட ஆரம்பித்தார். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது எனக்குக் கேட்கும்.

“அம்மா, சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்த்தா.”

மகனை அத்தா என்று கூப்பிடுவது எங்களில் செல்லம். அந்தக் குரல் நாளாக ஆக மெலிந்துகொண்டு வந்தது. கேள்வி மட்டும் அதே குரலில் வந்துகொண்டிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் சாச்சி என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அந்த அறையில் என்ன பார்த்தேன் என்பதை நான் எழுதப் போவதில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களைத் திருப்பிப் போடாமல் விட்டால் உடம்பு என்னவாகும் என்பது அறிந்தவர்களுக்குத் தெரியும். சாச்சி ஒரு கணம் கையை எடுத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு வழக்கமான குரலில், “மெதுவா ஊத்து. இந்த எடத்துல தண்ணி வேகமா விழக் கூடாது” என்றார். இறந்த உடம்புக்கு வலிக்குமா என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அன்று அவர் பெரியம்மாவோடு பேசவே இல்லை.

கஃபன் துணி சுற்றி, முகமும் பாதங்களும் மட்டும் கட்டாமல் இருந்தபோது, ஜமாலை உள்ளே வரச்சொன்னார். மகன் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்வது வழக்கம்தான். ஜமால் வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதார். நடிப்பில்லை. அப்படி ஒரு அழுகையை யாரும் நடிக்க முடியாது.

“எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம் சாச்சி. நாம என்ன செய்ய முடியும்” என்றார்.

“கால்ல முத்தம் குடுத்துட்டுப் போ” என்றார் சாச்சி.

ஜமால் கால்மாட்டில் போய் மண்டியிட்டார். சாச்சி குனிந்து, இடது குதிகாலை மூடியிருந்த துணியை மட்டும் விலக்கினார். வேறு எதையும் காட்டவில்லை. முதுகு இருந்த நிலைக்கு அந்தக் குதிகால் ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

“பாத்துட்டுச் சொல்லு” என்றார், அவருக்கு மட்டும் கேட்கும்படி. “அவன் நாட்டமான்னு பாத்துட்டுச் சொல்லு.”

ஜமால் பார்த்தார். அழுகை நின்றுவிட்டது. முத்தம் கொடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். பிறகு எழுந்து, தடுமாறி, கதவைத் தவறவிட்டுச் சுவரில் கை வைத்து, வெளியே போனார். சாச்சி துணியை இழுத்துவிட்டுக் கால்களைக் கட்டினார். ஜனாஸா அடக்கத்துக்குக் கிளம்பியது.

வரும் வழியில் நான் கேட்டேன். “உள்ள பாத்தது உள்ளயேன்னு சொல்லுவீங்களே சாச்சி.”

“வெளிய யாருக்குச் சொன்னேன்? செஞ்சவனுக்குத்தான காட்டினேன்” என்றார். அந்தப் பதிலில் அவருக்கே முழுத் திருப்தி இருந்த மாதிரித் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஜமால் சாச்சி வீட்டு வாசலில் வந்து நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

“பெரிய டாக்டரக் கூட்டி வந்து காட்டினேன் சாச்சி. ஏசி போட்டேன். ஆளுக்கு மாசாமாசம் சம்பளம் குடுத்தேன். அவ ஒழுங்கா வரலன்னா நான் என்ன செய்ய?”

“ஆமா. எல்லாம் செஞ்ச.”

“அப்பறம் என்ன?”

“மாடிக்கு ஏறிப் போனியா?”

அவர் தொப்பியை விரித்துத் தலையில் வைத்துக்கொண்டார். அப்படியே போய்விட்டார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதே பேச்சு, அதே கேள்வி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிகிற நேரம் ஆனால் சாச்சி வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

“பாவமா இருக்கு சாச்சி. ஏதாவது சொல்லி அனுப்புங்களேன்” என்றேன்.

“அவன் வாயிலருந்து ஒரு வார்த்த வரணும் புள்ள. ‘என்னால பாக்க முடியல, அதான் நான் ஏறல’ன்னு சொல்லிட்டான்னா போதும். தலையில கைய வச்சு துஆ செஞ்சு அனுப்பிருவேன். லேசாப் போயிடுவான். தொண்டை வரைக்கும் வந்திருச்சு, பாத்தேல்ல?”

நானும் பார்த்தேன். தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

ஒருநாள் ரஹிமா வந்தாள். முதுகு வலியோடு சந்து முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருந்தாள். நான் சாச்சிக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

“அவர் தூங்குறதே இல்ல சாச்சி. மாடியில அந்த வெறுங்கட்டிலோட கால்மாட்டுல போயி உக்காந்துக்கிறாரு. இப்பப் போயி ஏறுறாரு மாடிக்கு. கடையில கணக்குத் தப்புது, ஆளுக மேல எரிஞ்சு விழுறாரு. யார் என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு. எல்லாம் அவன் நாட்டம், நடந்தது நடந்து போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

சாச்சி கண்ணை மூடியபடியே இருந்தார். மருந்து வழிந்ததா, வேறா என்று தெரியவில்லை.

“ஒன் மாமியா அந்த மேல் அறையில கெடந்தத அல்லாஹ் செஞ்சான்னு நான் சொல்லணுமா ரஹிமா?”

“சொன்னா அவர் தூங்குவாரு சாச்சி.”

“நான் எப்படிம்மா தூங்குறது? அவன் மேல அதப் போட்டுட்டு எந்த மொகத்தோட தொழுவேன்? ஜமால ஒரே ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. நீ கவலப்படாம போ. சீக்கிரம் சொல்லிடுவான்.”

ரஹிமா எழுந்து போனாள். வந்ததைவிட மெதுவாகப் போனாள்.

அதன்பிறகு ஒரு மாதம் ஆகியிருக்காது. கடைக்குச் சரக்கு பார்த்துவிட்டு ரிங் ரோட்டில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த ஜமால், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி அந்த இடத்திலேயே இறந்துபோனார். பட்டப்பகல். ரோட்டில் வேறு வண்டிகூட இல்லை. பிரேக் பிடித்த தடமே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கண் அசந்திருக்க வேண்டும்.

மௌத்து வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மாடியில் நடந்தது எப்படியோ வெளியே கசிந்திருந்தது. வேலைக்கு வந்துபோன பெண் எங்கோ பேசியிருக்கிறாள். “பெத்தவ வயித்தெரிச்சல் சும்மா விடுமா, அல்லாஹ் குடுத்துட்டான்” என்று மூலையில் ஒருத்தி சொன்னது எங்களுக்கும் கேட்டது.

சாச்சி அந்தப் பக்கம் திரும்பினார். “அதையும் அவன் மேல போடாதீங்க. ரோட்டோரம் லாரிய நிப்பாட்டி வச்சு ஆளப் பிடிக்கிறவனா அவன்? தூக்கமில்லாம வண்டி ஓட்டிருக்கான், மோதிட்டான். தூக்கம்...”

அத்தோடு நின்றுவிட்டார். தூக்கம் எப்படிப் போனது என்று சொல்லிமுடிக்க வேண்டிய வாக்கியம் அது. அவர் முகத்தை நான் பார்த்தேன். யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

உள் அறையில் வெள்ளைச் சேலையில் ரஹிமா உட்கார்ந்திருந்தாள். சாச்சி போய் அவள் கையைப் பிடித்தார். ரஹிமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒரே ஒரு வார்த்ததான சாச்சி கேட்டேன்” என்றாள்.

சாச்சி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஜனாஸா போய், வந்தவர்கள் எல்லாம் கலைந்து, ரஹிமாவின் அக்கா வந்து, “நீங்க வீட்டுக்குப் போங்க சாச்சி, நாங்க பாத்துக்கிறோம்” என்று சொன்ன பிறகுதான் எழுந்தார். எழுந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் அதற்கு முன் யாருடைய தோளையும் பிடித்து நான் கண்டதில்லை.

சில வாரம் கழித்து, சாச்சி தன்னை ஹஸ்ரத் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அசர் தொழுகைக்குப் பிந்திய சாயங்கால நேரம். ஹஸ்ரத்தின் மனைவி எங்களை உள்ளே உட்கார வைத்தார். ஹஸ்ரத் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சாச்சி எல்லாவற்றையும் சொன்னார், குதிகாலைத் தவிர. “ஜமாலுக்கு ஒண்ணக் காட்டினேன், என்னன்னு கேக்காதீங்க” என்று மட்டும் சொன்னார்.

ஹஸ்ரத் இரக்கத்தோடு பேசினார். “ஜமாலுக்கு விதிச்ச நேரம் அதுதாம்மா. அவர் அன்னிக்கு நல்லாத் தூங்கி எந்திரிச்சுப் போயிருந்தாலும் போயிருப்பாரு. ஒங்க கையில ஒண்ணும் இல்ல. மனசப் போட்டு வதைச்சுக்காதீங்க.”

“அத நான் மத்தவங்கள யாரையும் சொல்ல விட்டதில்லயே ஹஸ்ரத். எனக்குன்னு வந்ததும் எடுத்துக்கவா?”

அடுத்திருந்த பள்ளிவாசலுக்கு வெளியே ஒரு பைக் திரும்பத் திரும்ப உதைத்தும் கிளம்பாத சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“எடுத்துக்கங்கம்மா” என்றார் கடைசியில். “விதிங்கிறது சட்டம் மட்டும் இல்ல. அவன் ரஹ்மத்து, அவன் கருணை. தாங்க முடியாதவங்களுக்குன்னு வச்சிருக்கான்.”

சாச்சி தலையை ஆட்டினார். எழுந்தார். வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். “அவர் சொல்றது சரிதான் புள்ள. எடுக்கத்தான் கை வரல.”

அதற்குப் பிறகு மய்யித் குளிப்பாட்ட அவர் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம், “வேற யாரையாச்சும் பாருங்கம்மா” என்று சொல்லிவிடுவார். யாராவது விதியென்று சொன்னால் மறுப்பதையும் விட்டுவிட்டார். பால் பொங்குவதற்கும் கரண்ட் போவதற்கும் பெண்கள் தாராளமாக அல்லாஹ்வைச் சொன்னார்கள். சாச்சி கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். எங்களுக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் சும்மா இருக்கும்போதெல்லாம் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடியும் நேரத்துக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்தார். யார் வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால், திறந்த கதவுக்கு நேராக அந்த நாற்காலி தெரியும். அதைப் பார்க்காமல் இருக்க வெள்ளிக்கிழமைகளில் அந்த ஜன்னலைச் சாத்திவைக்கப் பழகிக்கொண்டேன்.

சின்னச் சின்ன விஷயங்களில் தடுமாற ஆரம்பித்தார். கத்தரிக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, வாங்கவா வேண்டாமா என்று நின்றுகொண்டே இருப்பார். வாடகைக்கு இருந்த கடைக்காரர்களில் ஒருவர் காலி செய்யட்டுமா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் அந்த மனிதரை மாதக்கணக்கில் காக்க வைத்தார். ரஹிமா வீட்டுக்குத் தினமும் ஒரு தூக்குவாளியில் ஏதாவது எடுத்துப்போவார். ரஹிமா வாங்கிக்கொள்வாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அலங்காநல்லூரில் இருக்கும் தங்கை மகள் ஜரினா வந்து, தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னாள். “அடுத்த வாரம் நானே வாரேன்” என்று அவளை அனுப்பிவிட்டார். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று அது போய்க்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை. அரை நாள் பள்ளி முடிந்து பசுமலையிலிருந்து வந்து பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அலங்காநல்லூர் பஸ் நிற்கிற இடத்தில் சாச்சி உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பையோடு. காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போதே அவர் வீடு பூட்டியிருந்தது.

“எப்ப வந்தீங்க சாச்சி?”

“காலையில.”

“பஸ்ஸு வரலியா?”

“வந்துச்சு. கூட்டமா இருந்துச்சு. அடுத்தது வந்துச்சு. அந்த டிரைவரு போன் பேசிட்டே இருந்தாரு. பெறகு ஒண்ணு வந்துச்சு...” அதற்குக் காரணம் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டார்.

நான் இளநீர் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் வந்தது. பாதி காலி. கண்டக்டர் படியில் நின்று, “ஏறுங்கம்மா, அலங்காநல்லூர்தான, எடம் கெடக்கு” என்றார். சாச்சி எழுந்து படிவரை போனார். கம்பியைப் பிடித்தார். காலைத் தூக்கி வைக்காமல் திரும்பி என்னைப் பார்த்தார். கண்கள் கலங்கவில்லை, ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்கிறவர் முகம்.

“ஏறவா?” என்றார்.

யாரிடமும் எதற்கும் அவர் அப்படிக் கேட்டதில்லை. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஏறுங்க சாச்சி” என்றேன்.

அவர் ஏறிக்கொண்டார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கையசைக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு போனார். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்து, ஜரினாவின் நம்பரைத் தேடி எடுத்துப் போன் செய்தேன். சாச்சி கிளம்பிட்டாங்க, வந்து எறங்கினதும் எனக்குச் சொல்லு என்றேன். எதிரே ஒரு பஸ் போனது, இன்னொன்று வந்தது. வழியில் எங்கெங்கே ரோடு குறுகும், எங்கே மணல் லாரிகள் நிற்கும் என்று எனக்குத் தெரிந்த இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கொஞ்ச நேரம் கழித்து நானே மறுபடி கூப்பிட்டேன். “இன்னும் வரலியே, எதுக்கு இப்படிப் பதறுறீங்க?” என்று சிரித்தாள்.

“இல்ல,” என்றேன், “நான்தான் ஏறச் சொன்னேன்.”